ஸ்டேபிளா, டெஸ்டிங்கா, சிட்டா: ஏழு மெஷினுக்கு நான் எடுத்த முடிவு

கடலூர் மஞ்சக்குப்பத்துல அக்கா நடத்துற டைப்பிங் சென்டர்ல ஏழு மெஷின். இலவச லினக்ஸ் இயங்குதளமான டெபியன்தான்னு முடிவாயிடுச்சு, அதோட எந்த பிராஞ்ச் (வகை)னுதான் 2023 கடைசியில ரெண்டு வாரம் மண்டைய ஒடச்சுக்கிட்டேன். கடைசியில ஏழுலயும் ஸ்டேபிள் போட்டேன், என் லேப்டாப்ல மட்டும் சிட்.

புதுசு வேணும்னா சிட், அசையாம நிக்கணும்னா ஸ்டேபிள், இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். நடுவுல இருக்குற டெஸ்டிங் ரெண்டுக்கும் பொதுவா நல்லாயிருக்கும்னு நெனைக்கிறவங்க நெறய பேரு, நானும் அப்படித்தான் நெனச்சேன். சிட்டுக்கு வந்த பேக்கேஜ் (மென்பொருள் பொதி) 2ல இருந்து 10 நாள் வரைக்கும் பெரிய பக் (கோளாறு) இல்லாம தாக்குப்பிடிச்சா டெஸ்டிங்குக்கு எறங்கும். செக்யூரிட்டி ஃபிக்ஸும் பெரும்பாலும் அதே வரிசையில நின்னுதான் வரணும், அங்கதான் எனக்கு இடிச்சுது. 2024 ஆரம்பத்துல, பழைய 32 பிட் நேரக் கணக்கு 2038ல நெரம்பி தேதி தப்பாயிடுங்கிற பிரச்சனைக்காக 32 பிட் பக்கம் நேரக் கணக்க 64 பிட்டுக்கு மாத்துனப்போ அந்த வரிசை வாரக்கணக்குல தேங்கி நின்னுச்சு.

எனக்கு எல்லாத்தையும் விட பெருசு பராமரிப்புதான், ஏன்னா நான் இருக்குறது புதுச்சேரியில, வாரம் ஒருதடவ போனா பெருசு, அக்காவுக்கு கமாண்ட் டைப் பண்ற டெர்மினல்னாலே பயம். ஸ்டேபிள்ல பெரும்பாலும் வெர்ஷன் அப்படியே இருக்கும், ஓட்டைய மட்டும் அடைச்சுக் குடுப்பாங்க. அப்போ ஸ்டேபிளா இருந்த டெபியன் 12ல லிப்ரே ஆபீஸ் 7.4 வந்துச்சுன்னா கடைசிவரைக்கும் 7.4தான், பசங்க பழகுன பட்டன் பழகுன எடத்துலயே இருக்கும். ஃபெஞ்சல் புயலுக்கு அப்புறம் தென்பெண்ணையில வெள்ளம் வந்து சென்டர் மூணு வாரம் பூட்டியே கெடந்துச்சு, தொறந்ததும் ஏழு மெஷினுக்கும் அப்டேட் குடுத்தேன், டீ குடிச்சுட்டு வர்றதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. என் லேப்டாப்பையும் அந்த மூணு வாரம் தொடல, அதுக்கு நூத்துக்கணக்குல பேக்கேஜ், எத நீக்கப்போகுது எத மாத்தப்போகுதுன்னு வரிவரியா படிச்சுத்தான் எண்டர் தட்டுனேன். இத ஏழு தடவ அக்காவ பண்ணச் சொல்ல முடியுமா?

இன்னொன்னு, 2024 மார்ச்ல எக்ஸ்இசட்ங்கிற ஃபைல் சுருக்குற மென்பொருளோட 5.6.0, 5.6.1 வெர்ஷன்ல திருட்டுத்தனமா உள்ள நுழைய பின்வாசல் வெச்சிருந்தது தெரிஞ்சப்போ அது சிட்டுக்கும் டெஸ்டிங்குக்கும் வந்திருந்துச்சு, ஸ்டேபிளுக்கு வரல. அன்னிக்கு ராத்திரி லேப்டாப்ப மட்டும் சரிபண்ணிட்டு நிம்மதியா தூங்குனேன்.

அதுக்காக சிட்ட வேணாம்னு சொல்லல. அதுல யாராவது ஒக்காந்து பக் சொன்னாத்தான் அடுத்த ஸ்டேபிளே வரும், அதனாலதான் நானும் வெச்சிருக்கேன். டெபியன் 13க்கு மார்ச்ல ஃப்ரீஸ் (புது மாத்தங்கள நிறுத்துறது) ஆரம்பிச்சு படிப்படியா இறுக்கி 2025 ஆகஸ்ட் 9ல வெளியிட்டாங்க, அந்த மாதிரி உழைப்பாலதான் சென்டர் அப்டேட் ஒரு டீ குடிக்குற நேரத்துல முடியுது. ரொம்பப் புது லேப்டாப்னா வைஃபைக்கு ஸ்டேபிளோட கர்னல் (சிஸ்டத்தோட மையப் பகுதி) பத்தாம போகலாம், அப்போ ஸ்டேபிளுக்குப் புது வெர்ஷன தனியா குடுக்குற பேக்போர்ட்ஸ்ல புதுக் கர்னல எடுத்துக்கலாம். நான் சொல்றதெல்லாம் ஏழு மெஷின் அனுபவம்தான், பெரிய சர்வர் எதையும் நான் பாத்துக்கிட்டதில்ல.

ஆறு மெஷின ஒரு ஞாயித்துக்கெழமை 13க்கு ஏத்தியாச்சு. மிச்சம் ஒன்னு பழைய 32 பிட் பெட்டி, 13ல அதுக்கு இன்ஸ்டாலரும் கெடையாது கர்னலும் கெடையாது, அதனால 12லயே விட்டுட்டு நெட் வயர மட்டும் கழட்டி வெச்சுட்டேன், புதுசா சேர்ற பசங்க அதுலதான் தமிழ்99 கீபோர்டு பழகுறாங்க.