மூத்த தொழிலாளர்கள்: தரையை மாற்றுவதா, நேரத்தைக் குறைப்பதா, மீண்டும் வேலைக்கு எடுப்பதா?

ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் டிங்கோல்ஃபிங் என்னும் ஊரிலுள்ள பி.எம்.டபிள்யூ. தொழிற்சாலை 2007ஆம் ஆண்டில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தது. அப்போது 39ஆக இருந்த தொழிலாளர்களின் சராசரி வயது, 2017இல் 47 ஆகிவிடும் என்று தெரிந்தது. நிர்வாகம் பத்தாண்டு காத்திருக்கவில்லை. காரின் பின்புற அச்சுக்கான கியர்பாக்ஸ் தயாராகும் ஒரு பிரிவில், சராசரி வயது 47 வரும்படி 42 பேரைச் சேர்த்து, வரப்போகும் காலத்தை அன்றே ஒத்திகை பார்த்தது. மற்றத் தொழிலாளர்கள் அதைப் ‘பென்ஷன்காரர் லைன்’ என்று கேலி செய்தார்கள்.

அங்கே செய்யப்பட்ட ஏறத்தாழ 70 மாற்றங்களில் பெரும்பாலானவை அந்தத் தொழிலாளர்களே சொன்னவை. சிமெண்ட் தரைக்குப் பதிலாக மரத்தரை போடப்பட்டது. முடிதிருத்தும் கடையில் இருப்பதைப் போன்ற நாற்காலிகள் வந்தன. பாதத்துக்கேற்ற காலணிகளும், நுண்ணிய பாகங்களைப் பார்க்க உருப்பெருக்கிக் கண்ணாடிகளும், கணினித் திரையில் பெரிய எழுத்துகளும் வந்தன. ஒரே தசைக்கு நாள் முழுவதும் வேலை கொடுக்காதபடி ஷிப்டுக்குள்ளேயே பணிகள் மாற்றித் தரப்பட்டன. இவற்றுக்கான செலவு, கூடிப் பேசிய நேரத்துக்கான ஊதியத்தையும் சேர்த்து, சுமார் 40,000 யூரோ மட்டுமே. ஓராண்டில் அந்தப் பிரிவின் உற்பத்தித்திறன் 7 விழுக்காடு உயர்ந்து இளையவர்களின் பிரிவுகளுக்கு இணையானது. 7 விழுக்காடாக இருந்த வேலைக்கு வராமை 2009 நடுவில் 2 விழுக்காடாகக் குறைந்தது. ஒரு பெரிய கார் நிறுவனத்துக்கு இந்தத் தொகை செலவு என்று சொல்லக்கூடியதே அல்ல. முதுமையைக் காரணம் காட்டி ஆட்களை வெளியேற்றும் நிறுவனங்கள் முதலில் தங்கள் தரையைப் பார்த்தார்களா என்று கேட்க இந்த ஒரு சான்றே போதும் என்பது என் கருத்து.

ஆனால் மரத்தரை முழங்காலைக் காப்பாற்றும். வீட்டில் படுக்கையிலிருக்கும் எண்பத்தைந்து வயதுத் தாய்க்கு உணவு ஊட்ட நேரம் தராது. அங்கேதான் இரண்டாவது வழி வருகிறது. ஜெர்மனி 1996இல் கொண்டுவந்த முதியோர் பகுதிநேரச் சட்டத்தின்படி, 55 வயதைக் கடந்தவர் முதலாளியின் இசைவோடு வேலை நேரத்தைப் பாதியாக்கிக்கொள்ளலாம். பாதி ஊதியத்தோடு அதில் குறைந்தது 20 விழுக்காட்டை முதலாளி கூடுதலாகத் தர வேண்டும். வாரத்தில் பாதி நாள் ஆலையில், பாதி நாள் வீட்டில் என்பதே நோக்கம். நடந்தது வேறு. முதல் பாதிக் காலத்தை முழுநேரமாக உழைத்துத் தீர்த்துவிட்டு, மறுபாதியை முழு விடுப்பாக எடுக்கவும் சட்டம் இடம் தந்ததால், பெரும்பாலானோர் அதையே தேர்ந்தெடுத்தார்கள். பெயரளவில் பகுதிநேரம், உண்மையில் முன்கூட்டிய ஓய்வு. 2009க்குப் பிறகு தொடங்கிய ஒப்பந்தங்களுக்கு அரசு மானியமும் நின்றுபோனது.

இதைவிட 2018இல் ஜெர்மனியின் உலோகத் தொழிலாளர் சங்கமான ஐ.ஜி. மெட்டால் பெற்ற உடன்பாடு நேர்மையானது. எந்த வயதினரும் இரண்டாண்டு வரை வாரத்துக்கு 28 மணி நேரமாகக் குறைத்துக்கொண்டு, பிறகு வழக்கமான 35 மணி நேரத்துக்குத் திரும்பும் உரிமையை அது தந்தது. குறைத்த நேரத்துக்கு ஊதியம் கிடையாது. சிறு குழந்தையோ, பராமரிப்பு தேவைப்படும் உறவினரோ உள்ளவர்களும் ஷிப்டு தொழிலாளர்களும், அதே உடன்பாடு தந்த புதிய கூடுதல் படிக்குப் பதிலாக ஆண்டுக்கு எட்டு நாள் விடுப்பு கேட்கலாம். 28 மணி நேரத்தைக் கேட்டவர்களைவிட இந்த எட்டு நாளைக் கேட்டவர்கள் பன்மடங்கு அதிகம். மாதச் சம்பளம் குறையாமல் கிடைக்கும் சில நாள்களையே குடும்பங்கள் விரும்புகின்றன என்பதில் வியப்பில்லை.

மூன்றாவது வழியின் தாயகம் ஜப்பான். ஓய்வு வயதை உயர்த்துவது, அதை அடியோடு நீக்குவது, மீண்டும் வேலைக்கு எடுப்பது ஆகிய மூன்றில் ஒன்றைச் செய்து 65 வயது வரை வேலை தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பெரும்பாலான நிறுவனங்கள் அறுபதில் ஓய்வு கொடுத்துவிட்டு, ஓராண்டு ஒப்பந்தத்தில், குறைந்த ஊதியத்தில் அதே ஆளை மீண்டும் அமர்த்துகின்றன. சிங்கப்பூரும் 2012 முதல் மறுநியமனத்தைச் சட்டமாக்கியிருக்கிறது. 2022 ஜூலையில் ஓய்வு வயது 63ஆகவும் மறுநியமன வயது 68ஆகவும் உயர்ந்தன. பொருத்தமான வேலை இல்லையென்றால், தகுதியுள்ளவருக்கு ஒருமுறை உதவித்தொகை தர வேண்டும்.

வேலை போகாது என்பது இதன் பெருநன்மை. ஆனால் அதே லாரியை அதே விதமாக ஓட்டிய ஜப்பானிய ஓட்டுநர்கள் மூவர், மறுநியமனத்துக்குப் பிறகு ஆண்டு வருமானம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததை எதிர்த்து வழக்குத் தொடுத்தபோது, 2018 ஜூனில் உச்ச நீதிமன்றம் அந்த வேறுபாட்டின் பெரும்பகுதி நியாயமற்றதல்ல என்றது. தவறாமல் வேலைக்கு வருவதற்கான ஊக்கத்தொகையை மறுத்தது மட்டும் தவறு என்று தீர்ப்பளித்தது. இப்படிக் குறையும் ஊதியத்தின் ஒரு பகுதியை வேலைவாய்ப்புக் காப்பீட்டிலிருந்து அரசு ஈடுசெய்துவந்தது. புதிதாகத் தகுதிபெறுவோருக்கு, 2025 ஏப்ரல் முதல் அதன் உச்சவரம்பு, குறைந்த புதிய ஊதியத்தின் 15 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டிருக்கிறது. மீதியை நிறுவனம் ஏற்குமா, அறுபது வயதுத் தொழிலாளியே சுமப்பாரா என்பது இனி ஒவ்வோர் ஆலையின் ஒப்பந்த மேசையிலும்தான் முடிவாகும்.