காஸ்வொர்த் டிஎஃப்வி: 7,500 பவுண்டு எஞ்சின்

லேத் பட்டறையில் காலம் தள்ளுகிறவன் நான். எந்த எஞ்சினைக் காட்டினாலும் முதலில் விலையைத்தான் கேட்பேன், குதிரைத்திறன் அப்புறம். அந்தக் கணக்கில், ஃபார்முலா ஒன் கார் பந்தயத்துக்கு வந்த சரக்குகளிலேயே வாங்கினவன் காசு வீண்போகாதது காஸ்வொர்த் கம்பெனியின் டிஎஃப்வி எஞ்சின்தான்.

ஃபோர்டு கொடுத்த ஒரு லட்சம் பவுண்டில் கீத் டக்வொர்த் வடிவமைத்தது. மூன்று லிட்டர், வி8. 1967 ஜூனில் நெதர்லாந்தின் சான்ட்வூர்ட்டில் லோட்டஸ் அணியின் 49 காரில் முதல் ஓட்டம். ஜிம் கிளார்க் ஜெயித்தே விட்டார். அந்த வருடம் லோட்டஸுக்கு மட்டும். அடுத்த வருடத்திலிருந்து மற்ற அணிகளுக்கும் விற்றார்கள். விலை 7,500 பவுண்டு.

வாங்கினவர்களில் கென் டிரெல் ஒரு மர வியாபாரி. இங்கிலாந்தின் சர்ரேயில் அவருடைய மரக்கிடங்கு ஷெட்தான் பட்டறை. எஞ்சின் காஸ்வொர்த், கியர்பாக்ஸ் ஹ்யூலண்ட், சேஸி என்கிற அடிச்சட்டம் மட்டும் சொந்தம். 1971-இல் ஓட்டுநர் பட்டம் ஜாக்கி ஸ்டீவர்ட்டுக்கு, அணிப் பட்டம் டிரெல்லுக்கு. எஞ்சின் முதல் எல்லாம் தானே செய்துகொள்ளும் ஃபெராரி பின்னால் நின்றது.

சில்வர்ஸ்டோனில் பழைய கார் பந்தயம் ஒன்றில், மூடியைக் கழற்றி நிறுத்தியிருந்த டிஎஃப்வி காரைக் குனிந்து பார்த்தேன். ஓட்டுநர் உட்காரும் கூடு அவர் முதுகோடு முடிந்துவிடுகிறது. அதற்குப் பின்னால் சேஸியே கிடையாது! நாலே இடத்தில் எஞ்சினைக் கூட்டோடு முடுக்கியிருக்கிறார்கள். பின்சக்கர சஸ்பென்ஷன் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் பிடித்துத்தான் நிற்கிறது. பாதி சேஸி செய்கிற வேலை மிச்சம். சின்ன அணிக்கு அது விலைப்பட்டியலில் வராத தள்ளுபடி.

குறைகளும் உண்டு. கிராங்க் அமைப்பால் அதிர்வு கொஞ்சநஞ்சமல்ல. ஆரம்பத்தில் வால்வுகளைத் திறக்கிற கேம்ஷாஃப்ட்டை ஓட்டும் பல்சக்கரங்கள் உடைந்தன. டக்வொர்த் பிறகு ஒரு பல்சக்கரத்துக்குள்ளேயே மெல்லிய தண்டுகளை வைத்து, அவை முறுகி அடியை வாங்கிக்கொள்ளும்படி செய்தார். என்னமாய் யோசித்திருக்கிறார் மனுஷன்! அடிக்கடி பிரித்துக் கோர்க்கவும் வேண்டும், வாங்கின விலையோடு செலவு நிற்காது. இன்னொன்று, 1969-இல் நடந்த 11 பந்தயத்திலும் ஜெயித்தது இதே எஞ்சின்தான். பக்கத்து அணியிடமும் இதே சரக்கு இருக்கும்போது எஞ்சினை வைத்து முந்த முடியாது.

பின்னால் வந்த மேம்பட்ட வடிவத்தையும் சேர்த்து 155 வெற்றி. கடைசி வெற்றி 1983 டெட்ராய்ட்டில், அதுவும் டிரெல் காரில். அதற்குள் காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ எஞ்சின் வந்து, பெரிய கம்பெனியின் பணப்பெட்டி இல்லாமல் முன்வரிசைக்கு வரமுடியாத நிலை.

2021-இல் அணிச் செலவுக்கு 14.5 கோடி டாலர் என்று உச்சவரம்பு போட்டார்கள். ஓட்டுநர் சம்பளம் அதில் சேராது. பெரிய அணியின் செலவைக் கட்டுப்படுத்துவது சரிதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஜெயிக்கிற எஞ்சினைக் கடைச்சரக்கு மாதிரி விற்றதில் கிடைத்த பலன் இதில் இன்னும் வரவில்லை என்பதுதான் என் எண்ணம்.

இந்த எஞ்சினை நேரில் கேட்க வேண்டுமானால் மொனாக்கோவில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பழைய கார் பந்தயம் நடக்கிறது. காதுக்குப் பஞ்சு எடுத்துப் போங்கள்.