நான்கு வருசம், நான்கு சீ.ஆர். கொப்பி

பாவித்த பொருள்: கோடு போட்ட 120 பக்க சீ.ஆர். கொப்பி, கடின மட்டை. தொடங்கியது 2021 ஐப்பசியில். இப்போது ஓடுவது நான்காவது. யாரும் இலவசமாகத் தந்து எழுதச் சொல்லவில்லை; சந்திக் கடையில் காசு கொடுத்து வாங்கியது.

ஒரு கொப்பியைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நான் கிளிநொச்சிக்குக் கிழக்கே ஒரு பிரிவில் குடும்ப நல உத்தியோகத்தர். சனத்துக்கு 'மிஸ்'. கர்ப்பிணித் தாய்மார், பிள்ளைகளின் நிறை, தடுப்பூசி, வீட்டுத் தரிசிப்பு என்று நாள் முழுக்கப் பதிவேட்டில்தான் கை. என் பிரிவில் எந்தப் பிள்ளை போன மாதம் எத்தனை கிராம் கூடியது என்று கேட்டால் பக்கத்தைப் புரட்டிச் சொல்லிவிடுவேன். என்னைப் பற்றி எங்கேயும் ஒரு வரி இல்லை. கொரோனாத் தடுப்பூசி வேலை கொஞ்சம் ஓய்ந்த ஒரு பின்னேரம், பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதச் சொன்னார்கள் என்று மகள் வந்து, "அம்மாவுக்கு என்ன விருப்பம்?" என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தேன், பதில் வரவில்லை. "தேத்தண்ணி" என்றேன். அவள் அதையே எழுதிக்கொண்டு போனாள். கொப்பி வாங்கியது அடுத்த நாள்.

முதல் ஆறு மாதம் பிழையாகத்தான் பாவித்தேன். முதல் பக்கத்தில் பத்து இலக்கு. மகனின் புலமைப்பரிசில், கிணற்றுக்குக் கட்டு, மாமியின் கண் ஒப்பரேசன், அடகில் இருக்கும் காப்பு, உழவு இயந்திரத்தின் லீசிங்... பத்தில் ஒன்பது வீட்டு வேலை. பத்தாவது '8 கிலோ குறைத்தல்'. அதுகூட எனக்காக இல்லை, ஒரு கலியாண வீட்டில் யாரோ சொன்ன சொல்லுக்காக. (நான்கு கொப்பியிலும் அது இருக்கிறது. கிலோவும் அப்படியே இருக்கிறது.)

அந்த நேரம் இரவில் காணொளி பார்ப்பேன். எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கச் சொல்வார்கள்: ஐந்து வருசத்தில் எங்கே இருப்பீர்கள்? இதை வன்னியில் கேட்டுப் பாருங்கள். 2008 கடைசியிலும் 2009 தொடக்கத்திலும் யுத்தத்துக்குள் தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று தறப்பாளைச் சுருட்டிச் சுருட்டி நடந்த சனம். நானும் நடந்தேன். பையில் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி. பள்ளிக்கால நாட்குறிப்பு வீட்டு அலுமாரியில் விட்டது விட்டதுதான். அதற்குப் பிறகு ஐந்து வருசம் என்று வாய் சொன்னாலும் மனம் நம்புவதில்லை. போகம், அதாவது ஒரு நெல் விதைப்புக் காலம், என்றால் நம்பும்.

கொப்பி எனக்கு வேலை செய்யத் தொடங்கியதே அந்தச் சொல்லிலிருந்துதான். காலபோகத்துக்கு மாரி மழை இருக்கிறது, எல்லோரும் விதைப்பார்கள். சிறுபோகம் அப்படியில்லை. இரணைமடுக் குளத்துக்குக் கீழே 20,000 ஏக்கருக்கு மேல் வயல். குளம் நிரம்பினால் 36 அடி. விதைப்புக்கு முன் கமக்காரர் அமைப்புகளும் அதிகாரிகளும் கூட்டம் போட்டு, எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது, அது எத்தனை ஏக்கருக்குத் தாங்கும் என்று பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். தண்ணீர் காணாவிட்டால் பங்குதான். ஐந்து ஏக்கர் வைத்திருக்கிறவரும் கிடைத்த துண்டோடு நிற்க வேண்டும். ஒருநாள் கூட்டத்தால் வந்த என் மனுசன் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று, "எங்களுக்கு ஒன்றரை ஏக்கர்தானாம்" என்றார். அன்றிரவு கொப்பியைத் திறந்தபோதுதான் உறைத்தது. நான் தண்ணீரை அளக்காமல் பத்து ஏக்கர் விதைத்து வைத்திருக்கிறேன்.

அளந்து பார்த்தேன். ஒரு கிழமை, எனக்கென்று கிடைத்த நேரத்தை மட்டும் குறித்தேன். காலை நாலரைக்கு எழும்பினால் புட்டு, சம்பல், பிள்ளைகளின் சாப்பாட்டுப் பெட்டி, மாமியின் மருந்து, பிறகு கிளினிக், பிறகு வீடு வீடாக. கூட்டிப் பார்க்க, கிழமைக்கு 3 மணித்தியாலம் 10 நிமிசம். அதிலும் பாதி ஆருக்காகவாவது காத்துக்கொண்டு நின்ற நேரம். அந்தத் தண்ணீருக்கு ஒரு இலக்குத்தான் தாங்கும். இரண்டு போட்டால் இரண்டும் கதிர் விடாது. அன்றிலிருந்து போகத்துக்கு ஒன்று. வீட்டு வேலை எல்லாம் இடப்பக்கத்துக்குப் போனது. வலப்பக்கத்தில் நாளுக்கு ஒரு வரி: அன்றைக்கு எனக்கு நன்றாக இருந்த ஏதாவது. ஒரு கட்டுப்பாடு மட்டும் வைத்தேன், கண்ணால் கண்டதோ கையால் தொட்டதோவாக இருக்க வேண்டும். 'எல்லோரும் சுகம், கடவுளுக்கு நன்றி' என்று எழுதக்கூடாது. அப்படி எழுதத் தொடங்கினால் கிளினிக் பதிவேடு நிரப்புகிற மாதிரிப் பத்து நாளையும் ஒரே மூச்சில் நிரப்பிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும்.

சில வரிகள்:

"தராசில் தொங்கவிட்ட காற்சட்டைக்குள் பிள்ளை நித்திரை. நிறை பார்த்து முடிந்தும் இறக்க மனம் வரவில்லை."

"பாலைப்பழம். உதடு இரண்டும் ஒட்டிக்கொண்டது. அதோடேயே ஒரு வீட்டில் குடும்பக் கட்டுப்பாடு பற்றிக் கதைத்தேன்."

"முறிகண்டியில் பஸ் நின்றது. கச்சான் இன்னும் சூடு."

இந்த வரிகளின் பிரயோசனம் எழுதுகிற அன்றைக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது 2023 தைப்பொங்கல் லீவில், முதல் கொப்பியை ஒரே இருப்பில் வாசித்தபோது. 2022-ஐ எப்படி மறப்பது. பெற்றோல் வரிசை, மண்ணெண்ணெய் வரிசை, மின்வெட்டு. எரிபொருளுக்குக் கியூஆர் பங்கீட்டு முறை வருவதற்கு முந்திய கிழமைகளில் என் ஸ்கூட்டி மாமரத்துக்குக் கீழே நின்றது. மகளின் பழைய சைக்கிளில்தான் வேலைக்குப் போனேன். சோளகக் காற்று எதிரே அடிக்க, சட்டை நனைந்து ஊற, அந்த நாட்களில் நான் சபிக்காத ஆள் இல்லை. ஆனால் கொப்பியில் வலப்பக்கம் ஆக நிரம்பியிருந்தது அந்த இரண்டு மாதம்தான். வாய்க்காலில் எருமைகள். மருத மர நிழல். வேலிக்குள்ளால் ஒரு ஆச்சி நீட்டிய மோர். ஸ்கூட்டியில் நாற்பதில் போகும்போது இதில் ஒன்றும் கண்ணில் பட்டதில்லை. பெற்றோல் கிடைத்த கிழமையே வரிகள் பழையபடி 'தேத்தண்ணி' ஆகிவிட்டன.

சரி, அந்தப் போகத்து இலக்கு அதுதான் என்று எழுதினேன்: சனிக்கிழமை விடிய சைக்கிளில் இரணைமடுக் குளக்கட்டுக்குப் போய் வருவது. வீட்டிலிருந்து ஆறேழு கிலோமீற்றர். போக, வர, குளக்கட்டில் கொஞ்சம் இருக்க என்று இரண்டு மணித்தியாலம். கையில் இருந்த தண்ணீருக்குச் சரியாக வந்தது.

இலக்கை எழுதுவது சுகம். அந்த இரண்டு மணித்தியாலத்தை வீட்டில் கேட்டு வாங்குவதுதான் பாடு. இதை யாரும் காணொளியில் சொல்வதில்லை. "சனிக்கிழமை காலமை ஆர் சமைக்கிறது?" என்று மனுசன் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அவர் கூட்டத்துக்குப் போகும்போது நான் அதைக் கேட்டதில்லை என்றேன். இரண்டு நாள் பேச்சுக் குறைவு. ஆறேழு கிழமைக்குப் பிறகு ஒரு விடியல், "நீர் போயிட்டு வாரும், தேத்தண்ணி நான் வைக்கிறன்" என்றார். அதுவும் வலப்பக்கத்தில் இருக்கிறது.

அந்தப் போகத்தில் 26 சனிக்கிழமை. போனது 11. அடுத்ததில் 15, அதற்கடுத்ததில் 14. முன்னர் என்றால் தோல்வி என்று சொல்லி விட்டிருப்பேன். இங்கே என் வேலைதான் எனக்கு உதவியது. பிள்ளையின் நிறைக் கோட்டை வருசக்கணக்காகப் பார்க்கிறவளுக்கு ஒன்று தெரியும்: ஒரு புள்ளியில் ஒன்றும் இல்லை. காய்ச்சல் வந்து ஒரு மாதம் 200 கிராம் குறைந்ததற்காக எந்தத் தாயும் பிள்ளையைக் கைவிடுவதில்லை. கோடு பச்சைக்குள் (சரியான நிறை) ஓடுகிறதா, செம்மஞ்சளை (குறைந்த நிறை) நோக்கிச் சரிகிறதா என்பதுதான் கணக்கு. பதினொன்றும் பதினைந்தும் பதினாலும் பச்சைதான். 21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும் என்பதையும் நம்பாதீர்கள். 2010-இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 96 பேரை வைத்துப் பார்த்ததில், ஒரு செயல் தன்பாட்டில் வரச் சராசரியாக 66 நாள் பிடித்தது; ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒருநாள் விட்டதால் பெரிய பாதிப்பும் வரவில்லை.

அதனால்தான் போன் செயலி எனக்குச் சரிவரவில்லை. ஆறு மாதம் வைத்திருந்தேன். தொடர்ந்து எத்தனை நாள் என்று ஒரு நெருப்புப் படம் காட்டும். ஒருநாள் இரவு ஒரு தாயை, 1990 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் வருகிற அம்புலன்சில் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வர நடுச்சாமம் தாண்டிவிட்டது. விடியப் பார்த்தால் 41 நாள் போய்ப் பூச்சியம். அன்றைக்கே அழித்தேன். வங்கி தருகிற டயரியும் அந்தச் சாதிதான். திகதி அச்சடித்திருக்கும், எழுதாத நாள் வெள்ளையாகக் கிடந்து முறைக்கும். சீ.ஆர். கொப்பியில் திகதி நான் போட்டால்தான் உண்டு. விட்ட நாளுக்கு அங்கே இடமே இல்லை.

குறைகளும் சொல்ல வேண்டும். தையல் மூன்றாம் மாதம் தளரும், நடுத்தாள் கழன்று வரும். ஜெல் பேனையால் எழுதினால் மாரியில் ஒரு துளி போதும், பக்கம் முழுக்க நீலம். ஐந்து ரூபா, பத்து ரூபா பார்க்காமல் சாதாரண போல்பொயின்ற் பேனை வாங்குங்கள். விலை பற்றிக் கேட்காதீர்கள், முதல் கொப்பிக்குக் கொடுத்த காசுக்கு 2022 கடைசியில் அரைக் கொப்பிகூட வராது. பெரிய எதிரி கறையான். இரண்டாவது கொப்பியைப் பலகைப் பெட்டிக்குள் கட்டிலுக்குக் கீழே வைத்திருந்தேன். மார்கழி மழைக்குள் எடுத்தால் மேல்மட்டை புதுசு மாதிரி. திறந்தேன். முதுகுப் பசையில் தொடங்கி உள்ளே ஈரமண் கோடு கோடாக, நடுவில் சிரட்டை அளவுக்கு ஓட்டை. வைகாசி மாதத்து வரிகளுக்குத் தலையும் வாலும் இருந்தன, வயிறு இல்லை. 'மயில்' என்று தொடங்கி 'சிரித்தது' என்று முடிகிற ஒரு வரி மிச்சம். மயில் ஏன் சிரித்தது என்று இன்றுவரை பிடிபடவில்லை. இப்போது பெரிய பிஸ்கட் ரின்னுக்குள் காய்ந்த வேப்பிலையோடு இருக்கிறது. காப்பது ரின்னா வேப்பிலையா என்று தெரிந்துகொள்ளும் ஆசை எனக்கு இல்லை.

இன்னொன்று. 2024-இல் அப்பா போனார். மூன்று மாதம் வலப்பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை. அந்தியேட்டி முடிந்த கிழமை கட்டாயப்படுத்தி ஒரு வரி எழுதினேன், வாசிக்கவே கூசியது, கிழித்தேன். துக்கத்துக்கு இது மருந்து இல்லை. வேலை அனுபவத்திலும் சொல்கிறேன்: இரண்டு கிழமைக்கு மேல் நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, ஒன்றிலும் மனம் போகவில்லை என்றால் கொப்பி வாங்க வேண்டாம், டொக்டரைப் பாருங்கள். 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கு எடுத்தும் கதைக்கலாம். பிள்ளை பெற்ற தாய்மாருக்கு இதை நான் தனியாகவும் சொல்வேன்.

மாமி தொடக்கத்தில், "பிள்ளை, கடன் கணக்கோ எழுதுறாய்?" என்று கேட்டார். இல்லை என்று விளங்கப்படுத்தினேன், அவ்வளவு திருப்திப்படவில்லை. இப்போது கண் ஒப்பரேசன் முடிந்து வெளிவிறாந்தையில் இருப்பார். நான் ஸ்கூட்டியை நிறுத்தும்போதே, "இண்டைக்கு இதை எழுது, முருங்கையில ரெண்டு கிளி" என்பார். அவரின் வரிகளுக்குப் பக்கத்தில் 'மா' என்று போட்டு வைக்கிறேன். நான்காவது கொப்பியில் மூன்றில் ஒரு பங்கு மாமியுடையது.

இந்தக் காலபோகத்துக்கு எழுதியிருப்பது புதிதாக ஒன்றுமில்லை, அதே சனிக்கிழமைதான். முதலில் சைக்கிளின் பின் டயர் மாற்ற வேண்டும். கடைக்காரத் தம்பி வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறான்.