கோபத்தில் இருப்பது யார்? ஃபேஸ்புக், அலிபாபா, டெஸ்லா: ஓர் அலசல்

அரசியல் சர்ச்சையில் ஒரு டெக் நிறுவனம் சிக்கிப் பங்கு சரியும்போதெல்லாம் இரண்டு குரல்கள் கேட்கும். ஒன்று, ‘மலிவா கிடைக்குது, அள்ளிப்போடு’. மற்றது, ‘பக்கத்துலயே போகாதே’. இரண்டுமே முழுசாகச் சரியில்லை. சரிவு எத்தனை சதவீதம் என்று பார்ப்பதற்கு முன்னால், அந்த நிறுவனத்தின் மீது கோபமாக இருப்பது யார் என்று பார்க்க வேண்டும்.

ஃபேஸ்புக்கை எடுத்துக்கொள்வோம். 2018 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரம் வெடித்தது: பயனர்களின் தகவல்கள் அவர்கள் அனுமதியின்றி அந்த அரசியல் ஆலோசனை நிறுவனத்தின் கைக்குப் போயிருந்தன. 8.7 கோடி பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று நிறுவனமே சொன்னது. ஏப்ரலில் ஃபேஸ்புக் தலைவர் ஸக்கர்பெர்க் அமெரிக்க நாடாளுமன்றத்தில் பதில் சொன்னார். பங்கு விழுந்தது, மே மாதத்துக்குள் மீண்டுவிட்டது. கோபப்பட்டவர்கள் பயனர்களும் அரசியல்வாதிகளும். பணம் கட்டுகிற விளம்பரதாரர்களில் பெரும்பாலோர் நகரவே இல்லை. ஜூலை 26 அன்று பங்கு ஒரே நாளில் 19 சதவீதம் சரிந்ததுகூட, வளர்ச்சி குறையும், செலவு கூடும் என்று நிறுவனம் சொன்ன பிறகுதான். 2019இல் 500 கோடி டாலர் அபராதம் வந்தது. அதே ஆண்டு வருவாய் 7,000 கோடி டாலரைத் தாண்டியது.

சீன இணைய வணிக நிறுவனமான அலிபாபாவின் கதை இதற்கு நேர் எதிர். நம் முதலீட்டாளர்கள் அதிகம் படிக்க வேண்டியது இதைத்தான் என்பேன். 2020 அக்டோபர் 24 அன்று ஷாங்காயில் பேசிய அதன் நிறுவனர் ஜாக் மா, சீன வங்கிகள் அடகுக்கடை மனப்பான்மையோடு நடக்கின்றன என்றார். அலிபாபாவோடு இணைந்த நிதிச் சேவை நிறுவனமான ஆன்ட் குழுமம் 3,400 கோடி டாலருக்கு மேல் திரட்டவிருந்த ஐபிஓ (முதல் பங்கு வெளியீடு), பட்டியலிட இரண்டே நாள் இருந்தபோது நவம்பர் 3 அன்று நிறுத்தப்பட்டது. 2021 ஏப்ரலில் அலிபாபாவுக்கு 1,820 கோடி யுவான் அபராதம். தலைவலி தீர்ந்தது என்று நினைத்த சந்தையில் பங்கு ஏறக்கூட செய்தது. தீரவில்லை. இங்கே கோபத்தில் இருந்தது அரசு. அது அபராதத்தோடு நிற்காமல் விதிகளையே மாற்றியது. 2020 அக்டோபரில் 300 டாலருக்கு மேல் இருந்த பங்கு, இரண்டே ஆண்டில் 60 டாலர் பக்கம் வந்தது. வியாபாரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதற்குச் சந்தை தரத் தயாராக இருந்த மதிப்புதான் சுருங்கியது. இன்னொன்றும் உண்டு: அலிபாபா பங்கு என்று நியூயார்க்கில் நாம் வாங்குவது கேமன் தீவுகளில் பதிவான நிறுவனத்தின் பங்கு. சீனா வெளிநாட்டவருக்கு மூடிவைத்த துறைகளில் அந்த நிறுவனத்தின் பிடி நேரடி உரிமையால் அல்ல, வெறும் ஒப்பந்தங்கள் வழியாகத்தான். அரசே எதிரில் நிற்கும்போது அந்தக் காகிதத்தை நம்பிப் பெரிய தொகை போட எனக்குத் துணிவில்லை.

டெஸ்லாவில் கோபப்பட்டது கார் வாங்குகிறவர். மஸ்க் ட்ரம்ப் பக்கம் நின்றார், அரசுச் செலவைக் குறைக்கும் பொறுப்பையும் ஏற்றார். ஷோரூம் வாசல்களில் போராட்டம் நடந்தது. 2024 டிசம்பரில் 480 டாலர் அருகே முடிந்த பங்கு, 2025 மார்ச் 10 அன்று 222 டாலரில் முடிந்தது. முதல் காலாண்டில் ஒப்படைத்த கார்கள் முந்தைய ஆண்டைவிட 13 சதவீதம் குறைவு (மாடல் ஒய் உற்பத்தி வரிசைகளை மாற்றியதும் ஒரு காரணம்). பிறகு ட்ரம்புடனேயே சண்டை. ஜூன் 5 அன்று ஒரே நாளில் 14 சதவீதம், ஏறக்குறைய 15,000 கோடி டாலர் மதிப்பு போனது.

ஆனாலும் செப்டம்பரில் பங்கு 400 டாலரைத் தாண்டிவிட்டது. ரோபோ டாக்சி, மனித உருவ ரோபோ என்ற எதிர்பார்ப்புக்குத்தான் அந்த விலை. 2025இல் மொத்தத்தில் கார் விற்பனை திரும்பவில்லை, முழு ஆண்டுக் கணக்கு 2024ஐவிடக் குறைவு.

எனவே என் வரிசை இது. ஃபேஸ்புக் வகைச் சரிவில், விளம்பர வருவாய் அசையவில்லை என்று ஒரு காலாண்டு அறிக்கை உறுதிசெய்த பிறகு வாங்கலாம். டெஸ்லா வகையில், விலை ஏறிவிட்டதே என்று ஓடாமல், விற்பனை திரும்பும்வரை காத்திருப்பேன். அலிபாபா வகையில், முழுசாகப் போனாலும் தாங்கக்கூடிய சிறு தொகைக்கு மேல் ஒரு ரூபாய்கூடப் போட மாட்டேன், பங்கு எவ்வளவு மலிவாகத் தெரிந்தாலும்.