கோனாப்பட்டு முகப்புக்குப் பெயர் மாற்ற எந்த வழி? பைத்தானில் நான்கு வழிகள், ஓர் அலசல்

செட்டிநாட்டு வீடுகளைப் படமெடுத்துச் சேர்த்து வைப்பவர்களிடம் கேமரா வைத்த பெயரோடு ஆயிரக்கணக்கில் ஃபைல்கள் கிடக்கும். அவற்றை ‘கோனாப்பட்டு_முகப்பு_001’, ‘கானாடுகாத்தான்_வளவு_014’ என்று மாற்றப் பைத்தான் நிரல்மொழியில் பத்து வரி போதும். அந்தப் பத்து வரி எல்லாக் கணினியிலும் ஒரே மாதிரி ஓடாது என்பதுதான் சிக்கல்.

முதலில் ஃபைலின் பெயரை மாற்றும் கட்டளையான ஓஎஸ்.ரீநேம் (os.rename). புதிய பெயரில் ஏற்கெனவே ஒரு ஃபைல் இருந்தால், விண்டோஸ் பிழை காட்டி நின்றுவிடும். லினக்ஸும் மேக்கும் அங்கே இருந்ததைச் சத்தமில்லாமல் அழித்துவிட்டுப் புதியதை வைக்கும்; குப்பைத்தொட்டியிலும் கிடைக்காது. இது கோளாறு அல்ல, யூனிக்ஸ் வகைக் கணினிகளுக்கான போசிக்ஸ் தரநிலையின் விதியே அதுதான். இரண்டு கேமராப் படங்களுக்கும் 001 என்ற எண் விழுந்தால், விண்டோஸில் பத்திரமாக ஓடிய நிரல் லினக்ஸில் ஒரு முகப்பையே தொலைத்துவிடும்.

ஓஎஸ்.ரீபிளேஸ் (os.replace, பைத்தான் 3.3 முதல்) எங்கும் பழையதன் மேலெழுதும். அழிப்பதுதான் நோக்கம் என்றால் இதுவே நேர்மையான தேர்வு. இந்த இரண்டுமே வேறு டிரைவுக்கு நகர்த்தாது: விண்டோஸில் பிழை எண் 17, லினக்ஸில் 18 வரும். படம் வேறு மென்பொருளில் திறந்திருந்தால் விண்டோஸ் பெரும்பாலும் பிழை 32 காட்டி மறுக்கும், லினக்ஸ் கண்டுகொள்ளாது.

பென் டிரைவுக்கு மாற்ற ஷுட்டில்.மூவ் (shutil.move) உதவும். நகலெடுத்து முடித்த பிறகே மூலத்தை நீக்கும் என்பதால், நடுவில் கரண்ட் போனால் அரைகுறை நகல் மிஞ்சும், மூலம் தப்பும். ஆனால் முதலில் ரீநேம் செய்து பார்த்து, அது தோற்றதும் நகலெடுக்கப் போவதால், விண்டோஸிலும் இது மேலெழுதிவிடும். பலர் கவனிக்காத இடம் இது.

படம் எதுவும் தொலையக் கூடாது என்றால் ஓஎஸ்.லிங்க் (os.link) கொண்டு அதே ஃபைலுக்கு இரண்டாவது பெயர் வைத்து, பிறகு பழைய பெயரை நீக்குவதே எங்கள் பரிந்துரை. பெயர் இருந்தால் மூன்று கணினியிலும் மறுக்கும். ஆனால் பென் டிரைவுகளில் பரவலான எக்ஸ்ஃபேட் (exFAT) வடிவ டிரைவில் வேலை செய்யாது. விண்டோஸிலும் வழக்கமான மேக்கிலும் பெரிய எழுத்து ‘.ஜேபெக்’ வாலைச் சிறிய எழுத்தாக்கும்போதும் ‘ஏற்கெனவே இருக்கிறது’ என்று தடுக்கும். இடையில் ஒரு தற்காலிகப் பெயர் வைத்துத் தாண்டலாம்.

தமிழ்ப் பெயருக்கே உரிய தொல்லை இன்னொன்று. ‘கோ’வின் துணையெழுத்தை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், இரட்டைக்கொம்பும் காலுமாகப் பிரித்தும் எழுதலாம். பழைய மேக்கின் ஃபைல் அமைப்பான ஹெச்எஃப்எஸ் பிளஸ் பிரித்தே சேமிக்கும். அங்கிருந்து லினக்ஸுக்கு வந்தால் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு ‘கோனாப்பட்டு’ உருவாகும். கானாடுகாத்தானுக்கு இந்த வம்பு இல்லை, கொத்தமங்கலத்துக்கு உண்டு. பெயரை மாற்றும் முன் யூனிகோட்டேட்டா.நார்மலைஸ் (unicodedata.normalize) கொண்டு, ஒரே குறியாகச் சேர்த்தெழுதும் என்எஃப்சி (NFC) வடிவாக்குங்கள்.

நீளத்தையும் பாருங்கள். லினக்ஸின் ஃபைல் அமைப்பான எக்ஸ்ட்4 ஒரு பெயருக்கு 255 பைட் தரும். தமிழ்க் குறி ஒன்றுக்கு 3 பைட்; துணையெழுத்தும் புள்ளியும் தனித்தனிக் குறிகள். ‘கானாடுகாத்தான்’ மட்டுமே 42 பைட். விண்டோஸின் ஃபைல் அமைப்பான என்டிஎஃப்எஸ் 255 குறிகள் வரை ஏற்கும் என்பதால், அங்கே வைத்த நீளமான பெயர் லினக்ஸுக்குப் போகும்போது பிழை 36 வரும். ஊர், கட்டு (முகப்பு, வளவு போன்ற வீட்டுப் பகுதி), எண் என்ற அளவில் நிறுத்திக்கொண்டு, மீதி விவரத்தைத் தனி அட்டவணையில் எழுதலாம்.