ஊசி முடியட்டும் என்று காத்திருப்பதா, இப்போதே வெளியே காட்டுவதா?

நாய்க்குட்டி வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே இரண்டு விதமான அறிவுரை வந்து சேரும். “எல்லா ஊசியும் முடியுற வரைக்கும் வெளியே தரையில விடாதீங்க” என்பார் டாக்டர். “இப்பவே நாலு இடம், நாலு ஆள் காட்டலைன்னா அப்புறம் யாரைப் பார்த்தாலும் பயப்படும்” என்பார் நாய் வளர்த்துப் பழகியவர். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இருவர் சொல்வதும் ஒரே மாதங்களைப் பற்றி என்பதால் வாங்கியவர்தான் விழி பிதுங்கி நிற்கிறார்.

முதலில் ஊசிக் கணக்கு. 6 முதல் 8 வாரத்தில் முதல் ஊசி. அதன்பின் 2 முதல் 4 வாரத்துக்கு ஒன்று, 16 வாரம் ஆகும் வரை. ஒரே ஊசியோடு ஏன் விடுவதில்லை? தாயின் சீம்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் இருக்கும் வரை, ஊசியில் போன மருந்தை அதுவே முறியடித்துவிடும். அது எந்த வாரம் வடியும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் மறுபடி மறுபடி போடுகிறார்கள்.

அடுத்தது பழக்கும் கணக்கு. குட்டி புதியவற்றைப் பயமில்லாமல் ஏற்றுக்கொள்ளும் காலம் ஏறக்குறைய 3வது வாரத்தில் தொடங்கி 12 – 14 வாரத்தில் முடிந்துவிடுகிறது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர் ஆய்வுக்கூடத்தில் இதைச் சோதித்தார்கள். முடிவு 1961இல் வெளியானது. வேலி போட்ட திடலில், மனித வாடையே படாமல் வளர்ந்த குட்டிகளை வெவ்வேறு வயதில் எடுத்து மனிதரோடு பழக்கினார்கள். சிறு வயதிலேயே எடுத்தவை ஒட்டிக்கொண்டன. 14 வாரம் வரை திடலிலேயே விடப்பட்டவை காட்டு விலங்கு மாதிரி ஆகிவிட்டன. நம் வீட்டுக் குட்டி அந்த அளவுக்குத் தனிமையில் வளராது, சரி. ஆனால் 16 வாரம் வரை கூடத்தையும் நாலு முகத்தையும் மட்டுமே பார்த்த நாய்க்கு ஹெல்மெட் போட்டவரும் பூதம், குடை விரித்தவரும் பூதம்.

வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கும் வழிக்கு ஒரே ஒரு பலம்தான், அது சாதாரண பலம் இல்லை. பார்வோ என்ற வைரஸ் நோயிலிருந்து குட்டியைக் காப்பாற்றுகிறது. நோயுள்ள நாயின் மலத்தில் வெளியேறும் வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். வழக்கமாகத் தரை துடைக்கும் திரவத்துக்கு அசையாது. பிளீச் கலந்த தண்ணீருக்குத்தான் அடங்கும், தெரு மண்ணில் அதுவும் ஆகாது. காலையில் சாப்பாட்டை மோந்து பார்த்துவிட்டுப் போன குட்டி சாயங்காலத்துக்குள் வாந்தி, ரத்தத்தோடு பேதி என்று சுருண்டுவிடும். சிகிச்சை கொடுத்தாலும் எல்லாக் குட்டியும் பிழைப்பதில்லை. தெரு நாய்கள் நிறைந்த நம் ஊர்களில் டாக்டர்கள் கண்டிப்பாகச் சொல்வதில் வியப்பில்லை. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: வீட்டுக்குள் இருந்தால் முழுப் பாதுகாப்பு என்பதும் இல்லை. நம் செருப்போடு அந்த வைரஸ் உள்ளே வரும். செருப்பை வாசலுக்கு வெளியே விடும் வழக்கம் இங்கே நன்றாகவே கைகொடுக்கிறது.

சீக்கிரமே பழக்கச் சொல்பவர்களுக்கும் வலுவான ஆதாரம் உண்டு. விலங்கு நடத்தைக்கான அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கம் 2008இல் வெளியிட்ட நிலைப்பாட்டில், முதல் ஊசி போட்டுக் குறைந்தது 7 நாள் ஆன, குடற்புழு மருந்து கொடுத்த குட்டியை 7 – 8 வாரத்திலேயே பழக்கும் வகுப்புக்குக் கொண்டு போகலாம் என்றது. ஆனால் அங்கே சொல்லப்படுவது, சுத்தம் செய்த தரையில், ஊசி போட்ட குட்டிகள் மட்டும் கூடும் இடம். அதைப் படித்துவிட்டு நம் தெருமுனைக் குப்பைத்தொட்டி ஓரம் குட்டியை இறக்கிவிடுவது வேறு கதை.

என் ஓட்டு மூன்றாவது வழிக்கு: இப்போதே வெளியே கொண்டு போவது, ஆனால் தரையில் விடாமல். கையிலோ, துண்டு விரித்த கூடையிலோ, காரில் மடியிலோ வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப் அருகே பத்து நிமிடம் நின்றால் போதும். ஹாரன், புல்லட் சத்தம், பள்ளிப் பிள்ளைகள், தாடிக்காரர், கோலூன்றி நடப்பவர், தூரத்தில் போகும் மேளம் எல்லாம் கண்ணிலும் காதிலும் பட்டுவிடும். ஒவ்வொன்றுக்கும் நகம் அளவு வேகவைத்த கோழித்துண்டு. குட்டி வாங்கிச் சாப்பிட்டால் நிதானமாக இருக்கிறது என்று பொருள். முகத்தைத் திருப்பி, வாலை இடுக்கி, கொட்டாவி விட்டால் அதற்குப் போதும். நாலடி பின்னால் வந்துவிட வேண்டும். பழகட்டும் என்று அங்கேயே பிடித்து நிறுத்துவதுதான் கெடுதல்.

இந்த வழிக்கும் ஓட்டை உண்டு. டிஸ்டம்பர் என்ற இன்னொரு வைரஸ் நோய் தும்மல், சளி வழியாகத் தொற்றும், அதற்குத் தரை வேண்டாம். ஆகவே முன்பின் தெரியாத நாயின் முகத்தருகே குட்டியை நீட்டக் கூடாது. நாய்ப் பழக்கத்துக்கு, ஊசியெல்லாம் ஒழுங்காகப் போட்ட, சாதுவான உறவினர் வீட்டு நாய் ஒன்று போதும். கிளினிக்கில் காத்திருக்கும்போதும் குட்டி மடியில்தான். நோயாளி நாய்கள் படுத்து எழுந்த தரை அது. பெரிய குட்டி வளர வளரத் தூக்க முடியாது என்பதும் உண்மை, லாப்ரடார் மூன்று மாதத்திலேயே கையை ஒடித்துவிடும்.

வீட்டுக்குள்ளேயே செய்யக்கூடியதும் நிறைய இருக்கிறது. மிக்ஸி, குக்கர் விசில் எல்லாம் சாப்பாட்டு வேளையில் அடுத்த அறையில் ஒலிக்கட்டும். பட்டாசுச் சத்தத்தை மொபைலில் மிக மெல்ல வைத்து, நாள் போகப்போகக் கூட்டலாம். தீபாவளி அன்றைக்குத் தொடங்கிப் பயனில்லை.

ராஜபாளையம், கோம்பை இன நாய் வாங்குபவர்கள் சிலர், யாரிடமும் பழக்காவிட்டால்தான் காவலுக்கு நல்லது என்று குட்டியைப் பின்கட்டில் கட்டிவைக்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. பயந்த நாய் விருந்தாளியையும் கடிக்கும், திருடன் கம்பை ஓங்கினால் ஓடியும் போகும்.

சிறுநீர் விஷயத்தில் பேப்பரா, வெளியேயா என்ற கேள்வி இதைவிட எளிது. பேப்பரில் பழகிய குட்டிக்கு நாம் படிக்க விரித்த பேப்பரும் ஒன்றுதான். பால்கனியிலோ மொட்டை மாடியிலோ ஒரு தட்டில் மண்ணோ புல்லோ போட்டு வையுங்கள். பின்னாளில் வெளியே மாறுவது சுலபம். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் அங்கே தூக்கிப் போக வேண்டும். போனவுடனே பாராட்டு.

அடியா, தீனியா என்றால் தீனிதான். சிறுநீரில் மூக்கைத் தேய்த்தால், நீங்கள் இருக்கும்போது போகக் கூடாது என்றுதான் குட்டி கற்றுக்கொள்ளும். கட்டிலுக்கு அடியில் போய்விட்டு வரும். கையைக் கடித்தால் விளையாட்டை நிறுத்தி எழுந்துவிடுவது போதும். பல் கீறினால் மட்டும், நம் வீட்டுக் குட்டிதானே என்று விடாமல், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி டாக்டரைப் பாருங்கள். குட்டிக்கு ரேபிஸ் ஊசியே வழக்கமாக மூன்று மாதத்தில்தான் போடுகிறார்கள்.

ட்ரெய்னரை வைப்பதானால், குட்டியைக் கொண்டு போய் விட்டுவிட்டு வரும் இடத்தைவிட, வீட்டுக்கு வந்து உங்களுக்கும் சேர்த்துச் சொல்லிக்கொடுப்பவர் மேல். சொன்னதைக் குட்டி செய்யாவிட்டால் என்ன செய்வீர்கள் என்று முதல் நாளே கேளுங்கள். இழுத்தால் கழுத்தை இறுக்கும் சோக் செயினை எடுத்துக் காட்டினால் காபி கொடுத்து அனுப்பிவிடலாம்.