கித்துல்கல ஆற்றில் பதினெட்டு வருடம் கூட வந்த ஒரு சஞ்சிகை

இலங்கையில் களனி ஆறு வேகமாக இறங்கும் கித்துல்கலயில் ரெஃப்டிங் போட் ஓட்டுகிறேன், ஆட்களை ஏற்றிக்கொண்டு வேக ஆற்றில் இறங்கும் ரப்பர் படகு. வீடு நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், மேல்கணக்கு (மேல் பிரிவு) லயம், தொழிலாளர்களின் வரிசை வீடு. 2007இல் என் போட்டில் வந்த ஒரு கனடாக்காரர் போகும்போது கையில் இருந்த சஞ்சிகையை எனக்குத் தந்துவிட்டுப் போனார். அதன் பெயர் ‘ராபிட்’. ஆறு கல்லில் மோதி நுரைத்து இறங்கும் இடத்துக்கு நாங்கள் சொல்கிற அதே சொல். அட்டையில் ஒருவன் தண்ணீருக்குள் பாதி மறைந்த கயாக்கோடு, அதாவது இரண்டு பக்கமும் அலகுள்ள துடுப்பால் ஓட்டும் ஒடுங்கிய படகோடு, நின்றான். நம்முடைய வேலையைப் பற்றி உலகத்தில் புத்தகம் போடுகிறார்கள் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

அதை வெளியிட்டது ராபிட் மீடியா. ஸ்கொட் மெக்கிரெகர் என்பவர் 1990களின் கடைசியில் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் தொடங்கிய சின்ன நிறுவனம். முதலில் வேக ஆறுகளுக்கு மட்டும் இந்த ஒரு சஞ்சிகை. பிறகு கடலில் கயாக் ஓட்டுகிறவர்களுக்கு ‘அட்வெஞ்சர் கயாக்’, பிள்ளைகுட்டியோடு கனூ என்ற திறந்த துடுப்புப் படகில் போய்க் கூடாரம் அடிக்கிறவர்களுக்கு ‘கனூரூட்ஸ்’, கயாக்கில் இருந்து தூண்டில் போடுகிறவர்களுக்கு ‘கயாக் ஆங்கிளர்’ என்று நாலாக வளர்ந்தது. படகுப் படங்களை ஊர் ஊராகத் திரையிடுகிற விழா ஒன்றையும் நடத்தத் தொடங்கினார்கள்.

எனக்கு அதில் முக்கியம் பாதுகாப்புப் பக்கங்கள்தான். நான் முதலில் வேலைக்கு நின்ற இடத்தில், தண்ணீரில் விழுந்தவரை இழுத்தெடுக்கிற எறிகயிறு கிடையாது. அப்படி ஒன்று உண்டு என்று எங்களுக்குச் சொல்லித் தரவும் ஆள் இல்லை. பதினைந்து இருபது மீட்டர் கயிற்றை ஒரு பைக்குள் திணித்து, ஒரு நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு பையை ஆளுக்கு அப்பால் விழும்படி எறிய வேண்டும் என்பதைப் படம் பார்த்துத்தான் படித்தேன். ஆங்கிலம் சாதாரண தரப் பரீட்சை அளவுதான். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பக்கத்துக்கு ஒரு இரவு போகும்.

அதில் வந்த ஒரு விஷயத்தை விரிவாகச் சொல்ல வேண்டும். வேகமாக ஓடும் தண்ணீரில் முழங்காலுக்கு மேல் ஆழம் இருந்தால் எழுந்து நிற்கக் கூடாது. கால் இரண்டு கல்லுக்கு நடுவில் மாட்டினால் ஆறு முதுகில் தள்ளி முகத்தைத் தண்ணீருக்குள் அமுக்கிவிடும். இடுப்பளவு தண்ணீரிலேயே நல்ல நீச்சல்காரன் செத்துப்போவது இப்படித்தான். மல்லாந்து, கால்களைத் தண்ணீர் போகிற பக்கம் நீட்டி, பாதத்தை மேலே வைத்து மிதந்து வர வேண்டும். இதை வாசித்த இரண்டாம் மாதம், ‘பட்டர் கிரன்ச்’ என்று நாங்கள் சொல்கிற ராபிட்டுக்குக் கீழே போட்டில் இருந்து விழுந்த பையன் ஒருவன் எழும்பி நிற்கப் பார்த்தான். “காலைத் தூக்கு தம்பி, நிக்காத!” என்று கத்தினேன். அவன் தூக்கினான். கயிறு போட்டு இழுத்தோம். அந்தப் பக்கத்தை வாசிக்காமல் இருந்திருந்தால் “எழும்பி நில்லு” என்றுதான் நானும் கத்தியிருப்பேன். அந்த நினைப்பு இன்றைக்கும் நெஞ்சை அடைக்கிறது.

பொருந்தாததும் உண்டு. அவர்களுடைய ஆறு பனி உருகிப் பெருகும், எங்களுடையது மின்சார நிலையத்தைக் கேட்டுத்தான் பெருகும். காசல்ரி, மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கங்களில் தேங்குகிற தண்ணீர் விமலசுரேந்திர, கனியன், லக்சபான, பொல்பிட்டிய என்று ஒவ்வொரு மின்நிலையமாகச் சுழன்ற பிறகே கித்துல்கலக்கு வருகிறது. மழையே இல்லாத நாளில் தண்ணீர் ஏறும், பெய்கிற நாளிலும் குறைந்து கிடக்கும். எங்கள் பெரிய கைட் கரைக் கல்லில் ஈரக் கோட்டைப் பார்த்துவிட்டு “மல்லி, இன்னும் அரை மணித்தியாலம் இரு” என்பார் (மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி). அந்தப் படிப்புக்கு அவரோடு ஆற்றங்கரையில் நின்றே ஆக வேண்டும்.

சஞ்சிகை கைக்கு வருவதுதான் பெரிய பாடு. லயத்துக்குத் தனி விலாசம் இல்லை. தபால் தோட்டத்து ஒபிஸுக்கு வந்து, அங்கே கிடந்து, யாராவது பார்த்துச் சொன்னால்தான் உண்டு. நான் சந்தா கட்டிய முதல் வருடம் இரண்டு இதழ் என் கைக்கு வரவே இல்லை. பிறகு கினிகத்தேனையில் தெரிந்த கடை ஒன்றின் விலாசத்தைக் கொடுத்தேன், ஒழுங்காக வந்தது. வந்ததைக் காப்பாற்றுவது அடுத்த வேலை. எங்கள் பக்கத்து மழையும் ஈரமும் தெரிந்தவர்களுக்குப் புரியும். அந்த வழவழப்பான தாள் ஈரம் பட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் எழுத்து உரிந்து வரும். பிஸ்கட் டின்னில் அடுக்கி, துணியில் முடிந்த அரிசியைக் கூடவே போட்டு வைக்கிறேன். அப்படியும் ஆறேழு இதழ் பூஞ்சணம் பிடித்துப் போய்விட்டது.

பிற்காலத்தில் அந்த நிறுவனம் ‘ராபிட்’, ‘அட்வெஞ்சர் கயாக்’, ‘கனூரூட்ஸ்’ மூன்றையும் சேர்த்து ‘பெடலிங் மேகசின்’ என்று ஒன்றாக்கியது. தூண்டில்காரர்களின் சஞ்சிகை மட்டும் தனியாக நின்றது. எனக்கு அது ஒரு இழப்பு. முன்பு அட்டையில் இருந்து அட்டை வரை வேக ஆறு. இப்போது ஏரி, கடல், முகாம், அதற்கு நடுவில் என் பக்கங்களைத் தேட வேண்டும். ஆனால் காசல்ரிக் கரையில் ஒரு பங்களாவில் விருந்தாளிகளுக்குக் கயாக் இறக்கிவிடும் என் மச்சான், முன்பு என் சஞ்சிகையைத் தொட்டதே இல்லை. இப்போது எனக்கு முன்னால் வாசிக்கிறான். தேங்கின தண்ணீரில் காற்று எழும்பினால் கரையை ஒட்டிப் போகவேண்டும் என்பதை அவன் எடுத்துக்கொண்டது அதில் இருந்துதான்.

வேக ஆற்றில் கயாக் ஓட்டுகிறவர்கள் எந்த நாட்டிலும் கொஞ்சப் பேர்தான். ஏரிக்குக் குடும்பத்தோடு போகிறவர்களும் மீன் பிடிக்கிறவர்களும் அதிகம். விளம்பரம் கொடுக்கிற படகுக் கம்பனிகளும் அவர்கள் பின்னால்தான் போகும். நிறுவனம் பிழைத்துக் கிடக்க அந்த வழியில் வளர்ந்தது சரி என்றே நினைக்கிறேன். 1960இல் ஜோன் செவர்சன் தொடங்கிய அலைச்சறுக்குச் சஞ்சிகை ‘சர்ஃபர்’, எங்கள் கிழக்குக் கரை அறுகம்பையில் அலைச் சறுக்குகிற பொடியன்களுக்கும் தெரிந்த பெயர், கைமாறிக் கைமாறி 2020இல் நின்றுபோனது. 1992இல் தொடங்கிய இன்னொரு அலைச்சறுக்குச் சஞ்சிகை ‘சர்ஃபர்ஸ் ஜேர்னல்’ விளம்பரத்தைக் குறைத்து வாசகரின் காசிலேயே ஓடுகிறது. அதுவும் ஒரு வழி, ஆனால் விலை கூட. ஒன்று மட்டும் கவனம்: படகு, துடுப்பு, ஜாக்கட் பற்றிய மதிப்பீடுகளை நான் பாதிதான் எடுத்துக்கொள்வேன். அதே இதழில் அந்தப் பொருளின் விளம்பரமும் இருக்கும்.

2022இல் சந்தாவை விட்டேன். டொலர் இருநூறு ரூபாயில் இருந்து முந்நூற்றைம்பதைத் தாண்டிய நேரம். இங்கே பத்திரிகைகளே தாள் இல்லாமல் சில பதிப்புகளை நிறுத்தின. வெளிநாட்டுச் சஞ்சிகைக்குக் காசு கட்ட வீட்டில் மனம் வரவில்லை. இப்போது போனில் வாசிக்கிறேன். தேடுவது சுகம், படத்தைப் பெரிதாக்கியும் பார்க்கலாம், பூஞ்சணப் பயமும் இல்லை. ஆனால் போட் செட்டில், படகு வைக்கிற கொட்டகையில், பத்துப் பேர் சுற்றி நின்று ஒரு போனைப் பார்க்க முடியாது.

அதனால் போன வருடம் பழைய இதழ்களில் இருந்து நாலு படத்தைப் பெரிய மட்டையில் வரைந்து, தமிழிலும் சிங்களத்திலும் பெயர் எழுதி செட்டில் மாட்டினேன். ஆற்றில் விழுந்து கிடக்கும் மரத்துக்கு என்ன பெயர் எழுதுவது என்றுதான் தடுமாறினேன். தண்ணீர் கிளைகளுக்குள் நுழைந்து போய்விடும், ஆள் அதில் அழுந்தி நின்றுவிடுவான். வேறு வழி இல்லாமல் அதில் போய் மோதுவதாக இருந்தால் தலை முன்னால் நீந்தி, எட்டிப் பிடித்து மேலே ஏறிவிட வேண்டும். புதிதாகச் சேர்ந்த தோட்டத்துப் பையன் படத்தைப் பார்த்துவிட்டு, “அண்ணே, அம்மா வேல செய்ற பெக்டரியில சல்லடைல தூள் இறங்கிரும், காம்பு மேல நிக்கும். அது மாதிரிதானே?” என்றான். மட்டையில் ‘சல்லடை மரம்’ என்று எழுதினேன். இப்போது எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.